தமிழ் வழியில் படித்து மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறேன். எம்-1 (முதல் செமஸ்டர் கணக்குப் பாடம்) இன்டர்னலில் 23 மார்க். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கரிசல்காட்டுப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் விருதுநகர் மாவட்டம். 12 வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. இந்த வருடம் (2023) 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் கிடைத்தது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான்.

12-ல் கணக்கு 100க்கு 81. எனக்குப் பிடித்த பாடமே அதுதான். ஆனால் இங்கே எம்-1 முதல் இன்டர்னலில் 23. பேப்பரைக் கையில் வாங்கியபோது வேறு யாருடையதோ என்று பெயரைத் திருப்பிப் பார்த்தேன்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சார் போர்டில் எழுதிக்கொண்டே "டிஃபரன்ஷியேட் வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்" என்று சொல்வார். அதை நான் "எக்ஸைப் பொறுத்து வகையிட" என்று மனதுக்குள் மாற்றி முடிப்பதற்குள் மூன்று வரி மேலே போயிருக்கும். தேர்வில் ஒரு பக்க எல்லை பற்றி ஒரு 2 மார்க் கேள்வி வந்தது. அது தெரிந்த கணக்கு. கேள்வி அதைத்தான் கேட்கிறது என்பது வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. கேனானிகல் ஃபார்ம் (இருபடிக் கோவையை வர்க்கங்கள் மட்டும் இருக்கும்படி மாற்றி எழுதுவது) 16 மார்க் கேள்வியில் ஐகன் வேல்யூ (அணிக்கு உரிய சிறப்பு எண்கள்) வரை வந்து நின்றுவிட்டேன்.

இப்போது யூனிட் 5, டபுள் இன்டக்ரல் ஓடுகிறது. அதில் ஆர்டர் மாற்றுவது (எக்ஸ், ஒய் இரண்டில் எதை முதலில் தொகையிடுவது என்ற வரிசையை மாற்றுவது) சுத்தமாகப் புரியவில்லை. ஹாஸ்டலில் எல்லோரும் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" பிடிஎஃப் ஒன்றை மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அதையே செய்யட்டுமா? முதலில் ஆங்கிலத்தைச் சரி செய்யட்டுமா, கணக்கையா? செம் எக்ஸாமுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

செகண்ட் இயர் ஈசிஇ:

ப்ரோ, முதலில் பேப்பர் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் போய்விடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) எம்-1 என்றால் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். பார்ட் ஏ 10 கேள்வி, தலா 2. பார்ட் பி 5 கேள்வி, தலா 16. யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று சாய்ஸ் உண்டு. இன்டர்னல் 40, செம் எக்ஸாமை 60க்குக் குறைப்பார்கள். செம் எக்ஸாமில் 100க்கு 45 கட்டாயம் எடுக்க வேண்டும், இன்டர்னலோடு சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும்.

அந்த பிடிஎஃப் என்னிடமும் இருந்தது. அதிலிருந்து கேள்வி வந்தது, ஆனால் எண்ணை மாற்றிக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த என் ரூம்மேட் பழைய எண்ணுக்கான விடையை எழுதிவிட்டு வந்தான். அவனுக்கு அரியர், எனக்கு 58. பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

பீம்_காலம்:

தம்பி, நானும் தமிழ் வழிதான். 2012-ல் சிவில் சேர்ந்தேன். 12-ல் கணக்கு 200க்கு 171, எம்-1 மூன்றாவது முறைதான் பாஸ். இப்போது ஏழு வருடமாகக் கட்டட ஸ்ட்ரக்சுரல் டிசைனில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் 81 பொய் இல்லை. நீ 11-ஆம் வகுப்பு படித்த வருடத்தை நினைத்துப் பார். கொரோனாவால் 2021 செப்டம்பரில்தான் பள்ளி திறந்தது, ஜனவரியில் மறுபடி மூடினார்கள், பாடத்தையும் குறைத்தார்கள். இப்போது எம்-1 சிலபஸை எடுத்து 11-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியோடு வைத்துப் பார். யூனிட் 2-ல் இருக்கும் எல்லை, தொடர்ச்சி, வகையிடல் எல்லாம் அங்கே இருக்கிறது. யூனிட் 4-ல் வரும் தொகையிடல் முறைகளில் பெரும்பகுதியும் அங்கேதான். யூனிட் 1-க்கு வேண்டிய அணிக்கோவை அங்கே, அணியின் தரம் 12-ல். யூனிட் 3-ன் பகுதி வகையிடல் 12-ல் எட்டாவது பாடம். கல்லூரியில் உனக்கு நடத்துபவர் இதையெல்லாம் நீ நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று நினைத்துத்தான் வேகமாகப் போகிறார்.

என் காலத்தில் கொரோனா இல்லை. நான் படித்த பள்ளியில் 11-ஆம் வகுப்பிலேயே 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பப்ளிக் எக்ஸாம் 12-க்குத்தான் என்பதால் 11-ஆம் வகுப்புப் புத்தகம் பீரோவிலேயே இருந்தது. 2017-18-ல் 11-க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். எனக்கு அது ஏழு வருடம் தாமதம். பகுதிப் பின்னம் என்றால் என்ன என்றே தெரியாமல் முதல் செம் எழுதினேன். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானாகவே எனக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நீ அந்த முடிவுக்குப் போய்விடாதே.

இரண்டாவது அரியருக்கு அப்புறம் நான் செய்தது இதுதான். 11-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு வாங்கினேன். உங்களுக்கு அந்தச் செலவும் இல்லை, இரண்டும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே புத்தகத்தின் இரண்டு மொழி வடிவம் அது. எடுத்துக்காட்டின் எண் உட்பட இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். தமிழில் கணக்கைப் படி, மூடு. ஆங்கிலத்தில் அதே எண்ணுள்ள கணக்கைத் திற, ஆங்கிலக் கேள்வியைப் பார்த்தே போட்டு முடி. கணக்கு ஏற்கெனவே தெரிந்ததால் மொழி மட்டும்தான் புதிது. தினமும் ஆறு கணக்கு என்று வைத்திருந்தேன். நாற்பது நாளில் எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றையும் முடித்தேன்.

ஒரு நோட்டும் போட்டேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். அணிக்கோவை - டிடர்மினன்ட், சார்பு - ஃபங்ஷன், தரம் - ரேங்க், சமபடித்தான சார்பு - ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன். இவை இருநூறு வார்த்தைகூட வராது, ஒரு வாரத்தில் பழகிவிடும். என்னை உண்மையில் கவிழ்த்தவை நடுவில் வரும் சின்னச் சின்ன வார்த்தைகள். "சச் தட்", "டிட்யூஸ்", "இன் டெர்ம்ஸ் ஆஃப்", "ஹென்ஸ்".

இந்த "ஹென்ஸ்" எனக்கு எட்டு மார்க் பறித்தது. கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கவும், "ஹென்ஸ் ஃபைண்ட்" இன்வர்ஸ் (நேர்மாறு) என்று கேள்வி. நான் தேற்றத்தைச் சரிபார்த்தேன். அப்புறம் பள்ளியில் படித்த மாதிரி சேர்ப்பு அணி வைத்து நேர்மாறு கண்டுபிடித்தேன். விடை சரிதான், ஆனால் அந்தப் பகுதிக்கு மார்க் இல்லை. "ஹென்ஸ்" என்றால் முதலில் கிடைத்ததை வைத்தே அடுத்ததைச் செய் என்று அர்த்தம். தேற்றத்தில் வந்த சமன்பாட்டை நேர்மாறால் பெருக்கியே விடைக்கு வந்திருக்க வேண்டும். அதனால் நோட்டில் தனி வார்த்தையாக எழுதாதே, அது வருகிற முழுக் கேள்வியையும் எழுது.

ஐகன் வேல்யூ எதற்கு என்று தெரியாமல் போட்டால் அது மண்டையில் தங்காது, இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடத்தில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வரும், உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான பாடம். ஒரு இரும்புத் தகட்டில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள். கிடைத்திசையில் 80 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு (ஸ்ட்ரெஸ்), செங்குத்தில் 20, ஷியர் (பக்கவாட்டில் நறுக்கும் தகைவு) 40. இதை அணியாக எழுதினால் முதல் வரிசை 80, 40. இரண்டாம் வரிசை 40, 20. இதற்கு ஐகன் வேல்யூ போட்டுப் பார். 100, 0 என்று வரும். அந்தப் புள்ளியில் தகட்டின் மேல் வரக்கூடிய அதிகபட்ச இழுவிசைத் தகைவு 80 இல்லை, 100. எந்தத் திசையில் அந்த 100 வருகிறது என்பதை ஐகன் வெக்டர் சொல்லும். இதையே மோர் என்பவர் பெயரில் "மோர் வட்டம்" என்று படம் போட்டுச் சொல்லித் தருவார்கள். அன்றைக்கு இது எம்-1 முதல் யூனிட்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்த நாளில் சந்தோஷத்தில் லைப்ரரியிலிருந்து ஹாஸ்டலுக்கு ஓடினேன்.

ஆங்கிலமா கணக்கா என்று கேட்டாயே, இரண்டும் ஒரே வேலையாகத்தான் நடக்கும். தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்டாதே, இந்தப் பாடத்துக்கு அது உதவாது.

சாக்பீஸ்:

எம்-1 வகுப்பெடுப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

மேலே சகோதரி பீம்_காலம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. ஆறு வாரம்தான் இருக்கிறது. 11-ஆம் வகுப்புப் புத்தகத்தை முழுக்க முடிக்கப் போகாதீர்கள். வகையிடல், தொகையிடல் இரண்டு பாடத்தையும் பகுதிப் பின்னத்தையும் மட்டும் எடுங்கள். எல்லையில் பத்துக் கணக்கு போதும்.

கேனானிகல் ஃபார்மில் ஐகன் வேல்யூவோடு நின்றதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள், அல்லது அங்கே தவறு செய்துவிட்டுத் தெரியாமலே மூன்று பக்கம் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கில் நம் தவறை நாமே பிடிக்க வழி இருக்கிறது. இந்த அணியைப் போட்டுப் பாருங்கள். முதல் வரிசை 3, -1, 1. அடுத்தது -1, 5, -1. கடைசி 1, -1, 3. மூலைவிட்டத்தைக் கூட்டினால் 11, அணிக்கோவை 36. ஐகன் வேல்யூக்கள் 2, 3, 6. கூட்டினால் 11, பெருக்கினால் 36. இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகவே கூடாது. ஐகன் வெக்டர்கள் (1, 0, -1), (1, 1, 1), (1, -2, 1). சமச்சீர் அணி என்பதால், வெவ்வேறு ஐகன் வேல்யூக்களுக்கு வரும் வெக்டர்களில் எந்த இரண்டை எடுத்து உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் தவறு உங்களிடம்தான், அங்கேயே பிடித்துவிடலாம். இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தேர்வில் இதைச் செய்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்து யூனிட் 5. ஆர்டர் மாற்றுவது புரியவில்லை என்றால் நீங்கள் படம் போடவில்லை என்று அர்த்தம். சூத்திரத்தை வைத்து இதைச் செய்யவே முடியாது. அடிக்கடி கேட்கப்படும் ஒன்றைத் தருகிறேன். எக்ஸ் 0 முதல் 1 வரை. ஒய், எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 - எக்ஸ் வரை. உள்ளே இருப்பது எக்ஸ் ஒய். முதலில் ஆர்டரை மாற்றாமல் நேராகப் போடுங்கள். பிறகு மாற்றிப் போடுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வர வேண்டும். போட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.

கரிசல்காட்டுப் பையன்:

அக்கா, அண்ணா, சார், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன 80, 40, 40, 20 போட்டேன், 100, 0 சரியாக வந்தது. ரூம்மேட்டுக்கும் காட்டினேன். "ஹென்ஸ்" எங்கெல்லாம் வருகிறது என்று பழைய கேள்வித்தாளில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சார், உங்கள் கணக்கில் நேராகப் போட்டால் 3/8. மாற்றினால் 4/3 வருகிறது. நாலு தடவை போட்டுவிட்டேன், அதேதான். மாற்றும்போது ஒய் 0 முதல் 2 வரை, எக்ஸ் 0 முதல் ரூட் ஒய் வரை என்று எடுத்தேன்.

சாக்பீஸ்:

3/8 சரி. 4/3 எப்படி வந்தது என்பதும் தெரிகிறது, நீங்கள் எழுதிய லிமிட்டுக்கு அது சரியான விடைதான். லிமிட்தான் தவறு.

ஒரு கிராஃப் ஷீட் எடுங்கள். ஒய் = எக்ஸ் ஸ்கொயர் வளைகோட்டையும் ஒய் = 2 - எக்ஸ் நேர்கோட்டையும் வரையுங்கள். இரண்டும் (1, 1) என்ற புள்ளியில் வெட்டும். ஒய் அச்சுக்கும் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதியைப் பென்சிலால் நிழலிடுங்கள். இப்போது ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்து, 0-விலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். ஸ்கேல் எப்போதும் ஒய் அச்சில்தான் உள்ளே நுழைகிறது. எதில் முட்டி வெளியே போகிறது? ஒய் 0.5-ல் பாருங்கள், 1.5-லும் பாருங்கள்.

கரிசல்காட்டுப் பையன்:

சார், 0.5-ல் வளைகோட்டில் முட்டுகிறது, 1.5-ல் நேர்கோட்டில். 1-ல் மாறுகிறது. நான் 2 வரைக்கும் வளைகோடே என்று எடுத்துவிட்டேன், அதனால் நிழலுக்கு வெளியே இருக்கிற இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறேன். அதுதான் விடை பெரிதாகிவிட்டது.

இரண்டாகப் பிரித்தேன். ஒய் 0 முதல் 1 வரை, எக்ஸ் 0 முதல் ரூட் ஒய் வரை: 1/6.

மேல் பாதியில் ஒய் 1 முதல் 2 வரை, எக்ஸ் 0 முதல் 2 - ஒய் வரை. முதலில் -5/24 வந்தது, பரப்புக்கு மேலே பாசிட்டிவ் ஒன்றைக் கூட்டும்போது மைனஸ் எப்படி வரும் என்று திரும்பப் பார்த்தேன். மேல் லிமிட்டையும் கீழ் லிமிட்டையும் மாற்றிப் போட்டிருந்தேன். சரி செய்தால் 5/24.

1/6-ஐயும் 5/24-ஐயும் கூட்டினால் 9/24. அதாவது 3/8.

பீம்_காலம்:

தம்பி, அந்த மைனஸை நீயே பிடித்தாயே, அதை நோட்டில் தேதி போட்டு எழுதி வை. அடுத்து இதைப் போடு: மேல்பக்கம் மூடாத செவ்வகப் பெட்டி, கன அளவு 32 கன செ.மீ., குறைந்த தகடு ஆக வேண்டும். லக்ராஞ்ச் முறை (ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு மிகக் குறைந்த அல்லது மிக அதிக மதிப்பைக் காணும் வழி), யூனிட் 3. கேள்வியை நீயே ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஆரம்பி.

கரிசல்காட்டுப் பையன்:

அக்கா, நீளம் 4, அகலம் 4, உயரம் 2. தகடு 48 சதுர செ.மீ. கேள்வியை ஆங்கிலத்தில் எழுதத்தான் அரை மணி நேரம் ஆனது, கணக்குக்குப் பத்து நிமிடம். "சச் தட்" போட்டுத்தான் எழுதினேன்.